பழைய கம்ப்யூட்டரில் நெட் நின்றுபோனால், எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

பழைய கம்ப்யூட்டரில் நெட் நின்றவுடன் பலர் முதலில் யோசிப்பது விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்றுதான். தயவுசெய்து அதை உடனே செய்யாதீர்கள். புதிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டால் டிரைவர்கள் (கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்கள்) பெரும்பாலும் தானாக வந்து உட்கார்ந்துவிடும். பழசில் நெட்வொர்க் கார்டின் டிரைவர் சிடி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, அந்த டிரைவரை இறக்குவதற்கு நெட் வேண்டும், நெட் வருவதற்கு அதே டிரைவர் வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினை மூலையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பிரச்சினை பெரும்பாலும் ஒரு வயரிலோ, ஒரு செட்டிங்கிலோ, ஒரு சின்ன பேட்டரியிலோதான் இருந்திருக்கும்.

நெட் என்பது ஒரு சங்கிலி. வயர் அல்லது வைஃபை சிக்னல், அதை வாங்கும் கார்டு, கார்டை ஓட்டும் டிரைவர், நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி, ரவுட்டர், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ், கடைசியில் பிரவுசர். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை. அதனால் முதலில் எந்தக் கண்ணி என்று பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எதையாவது மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள்

நெட் பிரச்சினைக்குக் கடிகாரம் எதற்கு என்று தோன்றும். ஆனால் பழைய கம்ப்யூட்டர் என்றால் நான் முதலில் பார்ப்பது திரையின் மூலையில் உள்ள தேதியைத்தான். மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் நேரத்தை ஓடவைப்பது அதுதான். சில வருடங்களில் அது தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை மின்சாரத்தைத் துண்டிக்கும்போதும் தேதி பின்னோக்கி ஓடி, அந்த மதர்போர்டு செய்யப்பட்ட காலத்துக்கோ அதற்கும் முன்போ போய் நின்றுவிடும்.

தேதி தப்பானால் நெட் ஏன் போகிறது? இன்று கிட்டத்தட்ட எல்லா இணையதளங்களும் பாதுகாப்பான இணைப்பில்தான் திறக்கின்றன. ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டும், அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் இது 2008 என்று நம்பிக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று முடிவு செய்து தளத்தைத் தடுத்துவிடும். வயர் நன்றாக இருக்கும், ரவுட்டர் நன்றாக இருக்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. என்னிடம் வந்த ஒரு டெஸ்க்டாப்புக்கு ஏற்கெனவே கேபிளும் மாற்றி, கார்டும் மாற்றியிருந்தார்கள். தேதியைச் சரி செய்ததும் நெட் வந்தது.

தேதி, மாதம், வருடம், நேரம், டைம் சோன் ஐந்தையும் கையால் சரிசெய்து பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். வந்துவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். பவர் வயரைக் கழற்றி, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போட வேண்டும். லேப்டாப்பில் இதே பேட்டரி இரண்டு வயரோடு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கலாம், அதே மாதிரி வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: பேட்டரி போனால் பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) செட்டிங்குகளும் தொடக்க நிலைக்குப் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் மோடு ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், மறுபடி பழைய மோடில் வைத்தால் சரியாகிவிடும். அதனால் பேட்டரி முழுதாகச் சாகும் முன்பே மாற்றுகிறீர்கள் என்றால் பயாஸ் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு மெஷினில் மட்டுமா?

தேதி சரியாக இருந்தால், ஃபோனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு அதே வைஃபையில் ஏதாவது தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லையென்றால் பழைய கம்ப்யூட்டர் மேல் தவறில்லை. மோடம், ரவுட்டர் இரண்டையும் அணைத்து ஒரு நிமிடம் விட்டு, முதலில் மோடத்தைப் போட்டு அதன் விளக்குகள் நிலையாகும் வரை காத்திருந்து, அப்புறம் ரவுட்டரைப் போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிட வேண்டியதுதான்.

வயரும் விளக்கும்

கேபிள் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ குட்டி விளக்குகள் இருக்கும். பொதுவாக ஒன்று நிலையாக எரிந்தால் மறுமுனையோடு தொடர்பு உண்டு என்று அர்த்தம், மற்றது துடித்தால் டேட்டா போய்வருகிறது. விளக்கே இல்லையென்றால் மென்பொருளைத் தொடாதீர்கள். ரவுட்டரில் வேறு போர்ட்டில் மாற்றிச் சொருகுங்கள், வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். பழைய கேபிளில் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் அது சொருகியிருப்பது போலவே தெரியும், ஆனால் அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும்.

விளக்கு எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து என்று சில விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்கிறதா? இது எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி, ஏனென்றால் காரணத்தை நேராகக் காட்டிக்கொடுக்கும். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும், ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். இரண்டு முனைகளும் எந்த வேகத்தில் பேசலாம் என்று முதலில் பேசி முடிவெடுக்கும்போது அந்த நான்கு கம்பிகளைத்தான் பயன்படுத்துகின்றன. மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தால் ஜிகாபிட் என்று ஒப்புக்கொள்ளும், தொடங்கும், தோற்கும், மறுபடி பேசும். பல நாள் 100 எம்பிபிஎஸ் ரவுட்டரில் நிம்மதியாக ஓடிய கேபிள், புதிய ஜிகாபிட் ரவுட்டர் வந்த அன்று திடீரென்று கெட்டுப்போனதாகத் தெரிவது இதனால்தான். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

இடி மின்னல் இருந்த மறுநாள் விளக்கு எரியவில்லை என்றால் போர்ட்டே எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டர் மற்ற எல்லாவற்றிலும் நன்றாக ஓடும், கேபிள் சொருகும் லேன் போர்ட் மட்டும் செத்திருக்கும். முடிவுகட்டும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள்: அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு மறுபடி மாட்டுங்கள். அணைத்திருக்கும்போதும் நெட்வொர்க் சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் வெறும் ரீஸ்டார்ட்டில் தெளியாத சிப் இதில் தெளிந்துவிடுவது உண்டு. தனி கார்டாக ஸ்லாட்டில் இருந்தால் கழற்றி, தூசி தட்டி, மறுபடி அழுத்தமாகச் சொருகுங்கள்.

கார்டு கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா?

விளக்கு எரிகிறது, ஆனாலும் நெட் இல்லை. இப்போது கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற கிளையைப் பாருங்கள். கார்டின் பெயர் சுத்தமாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் டிரைவர் கெட்டிருக்கலாம்: ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் மறுபடி கண்டுபிடித்துப் போடப் பார்க்கும். டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள், உங்களிடம் இருக்கும் ஒரே பிரதி அதுவாக இருக்கலாம்.

அந்தக் கிளையிலேயே கார்டு இல்லாமல் வேறு எங்கோ பெயர் தெரியாத சாதனம் என்று காட்டினால், அதன் பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அங்கே விற்பனையாளர் எண்ணும் சாதன எண்ணும் இருக்கும். விற்பனையாளர் எண் 8086 என்றால் இன்டெல். இந்த இரண்டு எண்களை வைத்து வேறு கம்ப்யூட்டரில் தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும், பென் டிரைவில் கொண்டு வந்து போடலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். எல்லா டிரைவரையும் தானே போடுகிறேன் என்று சொல்லும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள், பழைய மெஷினில் அவை கொண்டுவரும் குப்பையை அகற்றுவதே தனி வேலை.

கொஞ்ச நேரம் நெட் வந்துவிட்டுத் தானாக நின்றுபோகும் ரகம் என்றால், கார்டின் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். தூங்கப்போன கார்டு எழுந்திருக்காமல் போவது பழைய டிரைவர்களில் சகஜம்.

கறுப்புத் திரையில் பேசுவோம்

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி சிஎம்டி என்று கொடுத்தால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். இங்கே தமிழில் எழுதும் கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். முதல் கட்டளை ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all). வரும் பட்டியலில் ஐபி முகவரி, டிஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் சர்வர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் எனக்கு ஒரு முகவரி கொடு என்று கேட்டும் ரவுட்டரிலிருந்து பதில் வராமல், தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கார்டு உயிரோடு இருக்கிறது, பேச்சுதான் நடக்கவில்லை. ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், பிறகு ஐபிகான்ஃபிக் /ரெனியூ கொடுங்கள். வரவில்லையென்றால் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி. ரவுட்டரில் குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் ஃபில்ட்டர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், கார்டு மாற்றினால் அதன் அடையாள எண்ணான மேக் முகவரியும் மாறிவிடும்.

இதைவிட அதிகமாக நான் பார்ப்பது வேறு ஒன்று. பல வருடங்களுக்கு முன்பு யாரோ இந்தக் கம்ப்யூட்டருக்கு நிரந்தரமாக ஒரு முகவரியைக் கையால் போட்டிருப்பார்கள், 192.168.1.50 என்பது போல. அப்போதிருந்த ரவுட்டர் 192.168.1.1. இப்போது ரவுட்டர் மாறிவிட்டது, புதியது 192.168.0.1. இரண்டும் வேறு வேறு தெரு, ஒன்றை ஒன்று பார்க்கவே முடியாது. வீட்டில் மற்ற எல்லாக் கருவியும் தானாக முகவரி வாங்கிக்கொண்டு ஓடும், பழைய டெஸ்க்டாப் மட்டும் ஊமையாக இருக்கும். நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் அந்த இணைப்பை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டிசிபி/ஐபி வெர்ஷன் 4, அங்கே முகவரியையும் டிஎன்எஸ்ஸையும் தானாகப் பெறு என்று மாற்றுங்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பி-யில் வெர்ஷன் எண் இல்லாமல் டிசிபி/ஐபி என்று மட்டும் இருக்கும்.

முகவரி ஒழுங்காக இருந்தால் பிங் செய்து, அதாவது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்த்து, படிப்படியாக வெளியே போவோம். பிங் 127.0.0.1 என்பது கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுப் பார்ப்பது. அதற்கே பதில் வராவிட்டால் விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கு கெட்டிருக்கிறது. அடுத்து நீங்கள் எழுதி வைத்த கேட்வே முகவரி, அது ரவுட்டர். அடுத்து 8.8.8.8, அது வெளியுலகம். கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். ரவுட்டர் வரை பதில் வந்து வெளியே வரவில்லை, ஆனால் ஃபோனில் நெட் வருகிறது என்றால் கேட்வே எண் தப்பாக இருக்கலாம், அல்லது ரவுட்டரில் இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் தடை இருக்கலாம். 8.8.8.8 பதில் சொல்கிறது, பெயர் சொன்னால் மட்டும் தெரியாது என்கிறது என்றால் டிஎன்எஸ் பிரச்சினை. டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 மற்றும் 1.1.1.1 என்று போட்டு, ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ் கொடுத்துப் பாருங்கள்.

127.0.0.1-க்கே பதில் இல்லை, அல்லது வைரஸோ அகற்றிய ஆன்டிவைரஸோ எதையோ கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று தோன்றினால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட் (netsh winsock reset), அதற்கு அடுத்து நெட்எஸ்ஹெச் இன்ட் ஐபி ரீசெட் (netsh int ip reset), பிறகு ரீஸ்டார்ட். எக்ஸ்பி-யில் இரண்டாவது கட்டளையின் முடிவில் ஒரு லாக் ஃபைலின் பெயரும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது. கையால் போட்ட முகவரிகள் இதில் அழிந்துவிடும் என்பதால்தான் முன்பே எழுதி வைக்கச் சொன்னேன்.

வைஃபை என்றால்

லேப்டாப்பின் ஓரத்திலோ முன்பக்கத்திலோ வைஃபையை அணைக்கும் குட்டி ஸ்விட்ச் இருக்கலாம், அல்லது எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும் ஒன்று. பையில் வைத்து எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடும். அதை முதலில் பாருங்கள்.

ரவுட்டர் மாற்றிய பிறகுதான் பிரச்சினை என்றால் மெஷின் கெடவில்லை, இரண்டுக்கும் மொழி ஒத்துப்போகவில்லை. பழைய கார்டுகள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும், 5 ஜிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் பட்டியலிலேயே வராது. ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள், சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள், ஏனென்றால் 12, 13 சேனல்களைச் சில கார்டுகள் பார்ப்பதே இல்லை. வைஃபை 6 ரவுட்டர் வந்தபோது பழைய டிரைவர் உள்ள சில இன்டெல் கார்டுகளுக்கு நெட்வொர்க்கே தெரியாமல் போனது. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகும், புதிய டிரைவர் இல்லாவிட்டால் 2.4-இல் ஏஎக்ஸ் (வைஃபை 6) மோடை நிறுத்த வேண்டும்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரி, ஆனால் சேரவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்ற புதிய முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்டுக்கு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் வேண்டும். இரண்டும் கலந்த மோடில் கூடச் சில கார்டுகள் முரண்டு பிடிக்கும். விருந்தினர் நெட்வொர்க் ஒன்றை டபிள்யூபிஏ2-இல் உருவாக்கி அதைப் பழைய மெஷினுக்கு மட்டும் கொடுப்பது நல்ல வழி, மற்றவர்களுடைய பாதுகாப்பைக் குறைக்க வேண்டியதில்லை. எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 3 போட்டிருக்க வேண்டும், டபிள்யூபிஏ2 அதோடு சேர்ந்து வருகிறது. எந்தக் காரணத்துக்காகவும் டபிள்யூஇபி என்ற மிகப் பழைய பாதுகாப்பு முறைக்கு இறங்காதீர்கள், அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம்.

எல்லாம் சரி, பக்கம் மட்டும் திறக்கவில்லை

பிங் எல்லாம் பதில் சொல்கிறது, தேதியும் சரி. முதலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ், லேன் செட்டிங்ஸ் போய் பிராக்ஸி (நெட்டை இன்னொரு சர்வர் வழியாகத் திருப்பும் செட்டிங்) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், நீங்களே போட்டதாக இருந்தால் தவிர. அதுவும் இல்லையென்றால் கம்ப்யூட்டரின் வயதுதான் காரணம்.

2020-இல் முக்கியமான பிரவுசர்கள் டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பாதுகாப்பு முறைகளைக் கைவிட்டன, தளங்களும் அவற்றை நிறுத்திக்கொண்டே வருகின்றன. எக்ஸ்பி-யோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அதற்குப் பிறகு வந்த முறைகள் தெரியாது. அதே மாதிரி, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழ் வைத்திருக்கும் ஏராளமான தளங்கள் சார்ந்திருந்த ஒரு வேர்ச் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களுக்கு உறுதி சொல்லும் மூலச் சான்றிதழ்) 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது, அப்டேட் இல்லாத பழைய மெஷின்கள் பலவற்றில் அன்றிலிருந்து பாதித் தளங்கள் திறக்கவில்லை. இதில் ஃபயர்ஃபாக்ஸ் கைகொடுக்கும், ஏனென்றால் அது விண்டோஸின் சான்றிதழ்களை நம்பாமல் தன்னுடையதையே வைத்திருக்கிறது. எக்ஸ்பி-க்கு வந்த கடைசிப் பதிப்பு 52 இஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவு உள்ள பதிப்பு), விண்டோஸ் 7-க்கு 115 இஎஸ்ஆர். குரோம் விண்டோஸ் 7-இல் 109-உடன் நின்றுவிட்டது. எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் பொது ஆதரவை முடித்துவிட்டது, ஆகவே நெட் வந்த பிறகும் அதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம், இதை அக்கறையோடுதான் சொல்கிறேன்.

கார்டா, விண்டோஸா என்று தீர்மானிக்க

இவ்வளவு தூரம் வந்தும் பிடிபடவில்லை என்றால், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்புங்கள். ஹார்ட் டிஸ்க்கை அது தொடாது. 32 பிட் மெஷின் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸின் 32 பிட் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய கார்டுகளுக்கான டிரைவர்கள் லினக்ஸில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன, சில வைஃபை கார்டுகளுக்கு மட்டும் தனி ஃபர்ம்வேர் கேட்கும், அதனால் சோதனையைக் கேபிளில் செய்யுங்கள். லினக்ஸில் நெட் வந்தால் கார்டு நல்லது, விண்டோஸில்தான் கோளாறு. இப்போது விண்டோஸைப் புதிதாகப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. போடும் முன் அதே லினக்ஸிலிருந்தே நெட்வொர்க் டிரைவரை இறக்கி இன்னொரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸிலும் கேபிளில் வரவில்லையென்றால் போர்ட் போய்விட்டது. டெஸ்க்டாப்பில் ஸ்லாட் காலியாக இருந்தால் ஒரு பழைய பிசிஐ நெட்வொர்க் கார்டு போதும், ரியல்டெக் 8139 சிப் உள்ளது கிடைத்தால் எக்ஸ்பி-க்கு டிரைவர்கூடத் தேட வேண்டாம். லேப்டாப் என்றால் யுஎஸ்பி-யில் சொருகும் லேன் அடாப்டர், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறது என்று பார்த்த பிறகு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் உள்ள யுஎஸ்பி 1.1 என்றால் 12 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது, 2.0 என்றால் 480 வரை, அதனால் எந்தத் துளையில் சொருகுகிறீர்கள் என்பதும் முக்கியம். அவசரத்துக்கு விண்டோஸ் 7 மெஷினில் ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் (ஃபோனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குப் பகிர்வது) போட்டாலே நெட் வரும். புதிய கார்டோ அடாப்டரோ வேலை செய்ய ஆரம்பித்ததும் பயாஸுக்குள் போய் மதர்போர்டிலேயே இருக்கும் ஆன்போர்டு லேனை டிசேபிள் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் செத்த போர்ட் சில மெஷின்களில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் விண்டோஸைக் காத்திருக்க வைக்கும்.